எங்கள் வீட்டுக் கப்பை எங்களுக்கே வாடகைக்கு விடுகிறார்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாள் ஒன்றுகூடலுக்கு ஆயத்தம் செய்கிறவர்கள், வீட்டில் பிள்ளைகளுக்கு ஏதாவது விசேஷம் வைக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வந்தால் கொமெண்டில் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.

சொல்ல வந்த விசயம் இதுதான். பிள்ளைகளின் விளையாட்டை நாங்கள் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டோம். பாதியைக் காசு கொடுத்து ஈவன்ட் செய்கிறவர்களிடம் ஒப்படைத்தோம். மீதியைப் போன் கெமராவிடம் ஒப்படைத்தோம். இப்போது பிள்ளை நடுவில் நிற்கிறது, பெரியவர்கள் சுற்றி நின்று படம் பிடிக்கிறார்கள். இதற்குப் பெயர் விளையாட்டு இல்லை, காட்சி.

பிறந்தநாள் கொண்டாடலாமா, கூடாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அதை உலமாக்கள் பேசட்டும். நான் பேசுவது நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் ஒன்றுகூடல், சுன்னத் வீடு, குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைக்கு வைக்கிற விருந்து, மத்ரஸா ஆண்டு நிறைவு, வெளிநாட்டிலிருந்து வாப்பா வந்ததற்கு வைக்கிற சாப்பாடு இவற்றைப் பற்றி. இந்த எல்லாவற்றிலும் பிள்ளைகள் கூடுகிறார்கள். கூடிய பிள்ளைகளை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே வாடகைக்கு ஆள் பிடிக்கிறோம்.

வருகிறவர் என்ன கொண்டுவருகிறார்? பலூன் வளைவு, ஸ்பீக்கர், மைக், காற்றடித்துத் துள்ளுகிற பலூன் வீடு. அதற்குப் பிறகு "ஒன் மினிட் கேம்". ஒரு நிமிடத்தில் எத்தனை கப் அடுக்குவாய்? நெற்றியில் வைத்த பிஸ்கட்டைக் கை படாமல் வாய்க்குக் கொண்டுவருவாயா? ஸ்ட்ரோவால் உறிஞ்சி மணிகளை அடுத்த கிண்ணத்துக்கு மாற்றுவாயா?

இந்த விளையாட்டுகள் பலருக்கும் எங்கிருந்து அறிமுகமாயின தெரியுமா? 2010இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் "மினிட் டு வின் இட்" என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்து 60 வினாடிக்குள் ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கஷ்டம். பத்தையும் தாண்டினால் பத்து இலட்சம் டொலர். அந்த நிகழ்ச்சியின் யோசனையே வீட்டுச் சாமான் என்பதுதான். பார்க்கிற ஆள் எழுந்து போய்த் தன் குசினியில் அதையே செய்து பார்க்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

அப்படிப்பட்ட விளையாட்டை நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் குசினியில் இருக்கிற கப்பை, எங்கள் கொடியில் தொங்குகிற கிளிப்பை, எங்கள் போத்தலில் இருக்கிற பயறை இன்னொருவர் வானில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களுக்கே வாடகைக்குத் தருகிறார். நாங்களும் கொடுக்கிறோம்.

ஈவன்ட் செய்கிற தம்பிமார் மேல் எனக்குக் கோபமில்லை. அது அவர்களுடைய தொழில், ஹலாலான தொழில். கேட்கிற ஆள் இருப்பதால் வருகிறார்கள். என் கோபம் கேட்கிற எங்கள் மேல்தான்.

சித்திரை மாதம் பக்கத்துச் சிங்கள ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். புத்தாண்டு விளையாட்டுப் போட்டி நடக்கும். தேசிக்காயும் கரண்டியும், ஊசியில் நூல் கோர்த்தல், கண்ணைக் கட்டிவிட்டு யானைப் படத்துக்குக் கண் வைத்தல், சாக்கு ஓட்டம், தேங்காய் துருவுதல், கயிறு இழுத்தல். வேண்டியது என்ன? ஒரு தேசிக்காய், ஒரு கரண்டி, ஒரு சோக்குத் துண்டு, ஒரு கயிறு. ஊர்ச் சனம் தாங்களே நடத்துகிறார்கள். எங்கள் பாலர் பாடசாலை விளையாட்டு விழாவும் அப்படித்தான்: போத்தலுக்குத் தண்ணீர் நிரப்புதல், தொப்பி மாற்றுதல், பந்து கடத்துதல். ஆக எங்களுக்குத் தெரியாத விசயமில்லை. தெரிந்ததை நடத்துவது மரியாதைக் குறைவு என்று நினைக்கப் பழகிவிட்டோம்.

இனி இதனால் யாருக்கு நட்டம் என்று சொல்கிறேன்.

முதல் நட்டம், திருப்பி அழைக்க முடியாத பிள்ளைக்கு.

ஒரு வீட்டில் பலூன் வளைவும் துள்ளுகிற வீடும் போகும்போது கையில் கொடுக்கிற கிஃப்ட் பையுமாக விசேஷம் நடக்கிறது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் அழைக்கிறார்கள். நல்ல மனதோடுதான் அழைக்கிறார்கள். கூலிக்குப் போகிறவருடைய பிள்ளையும் வருகிறது, சந்தோசமாகத் திரும்புகிறது. வீட்டில் உம்மாவிடம் சொல்கிறது: "எங்கட வீட்டையும் இப்படி வைப்பமா?" உம்மா என்ன பதில் சொல்வார்? 2022இல் பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற சனம் நாங்கள். அந்த வருடம் வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் எங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. அந்த உம்மா பேச்சை மாற்றுவார். பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இரண்டு தரம் விருந்துக்குப் போய், ஒரு தரமும் அழைக்க முடியாத பிள்ளை மூன்றாம் தரம் "வயிறு வலிக்குது" என்று சொல்லி வீட்டில் நின்றுவிடும்.

இது வகுப்பறையில் எனக்குத் தெரிகிறது. யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் இடைவேளையில் தனியே நிற்கிறார்கள் என்பதில் தெரிகிறது. ஏழு வயதில் பிள்ளைகள் தாங்களாகக் கோடு கீறுவதில்லை. நாங்கள் கீறிக் கொடுக்கிறோம்.

ஆறு யோகட் கப்பாலும் பத்துச் சோடிச் செருப்பாலும் நடத்துகிற விளையாட்டை எந்த வீடும் நடத்தலாம். மாடி வீடும் நடத்தலாம், தகரக் கொட்டிலும் நடத்தலாம். வீட்டுச் சாமான் விளையாட்டின் பெரிய சிறப்பு மலிவு மட்டுமில்லை. எல்லோரும் விருந்தாளி, எல்லோரும் வீட்டுக்காரர் என்று ஆக முடிவதுதான். "நாளைக்கு எங்கட வீட்டை வாங்க" என்று எந்தப் பிள்ளையும் சொல்லலாம். அந்த வசனத்தைத்தான் நாங்கள் பல பிள்ளைகளின் வாயிலிருந்து பறித்தோம்.

இரண்டாம் நட்டம், முதலில் தோற்ற பிள்ளைக்கு. இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

சங்கீதக் கதிரையை எடுங்கள். 20 பிள்ளைகள். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம், ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் வெளியே. மொத்தம் 19 நிமிடம். முதலில் வெளியேறிய பிள்ளை ஒரு நிமிடம் ஆடி, 18 நிமிடம் சுவரோரம் நிற்கிறது. எல்லாப் பிள்ளைகளின் நேரத்தையும் கூட்டினால் 380 நிமிடம். அதில் ஆடியது 209, சும்மா நின்றது 171. கிட்டத்தட்டப் பாதி. அந்தப் பாதியும் யாருடைய தலையில் விழுகிறது? சின்னப் பிள்ளை, மெதுவான பிள்ளை, கூச்சமுள்ள பிள்ளை. யாருக்கு விளையாட்டு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைக்குக் குறைவாகக் கொடுக்கிறோம். வாட்டசாட்டமான பத்து வயதுப் பையன் கடைசிவரை ஆடி, பரிசையும் வாங்கிக்கொண்டு போகிறான்.

ஒரு நிமிட விளையாட்டையும் இப்படித்தான் கெடுக்கிறார்கள். மேடையில் ஒரு மேசை. ஒரு பிள்ளை வந்து ஆடும், 19 பிள்ளைகள் பார்க்கும். ஒருவருக்கு ஒரு நிமிடம், சாமானைத் திருப்பி அடுக்க அரை நிமிடம். மொத்தம் 30 நிமிடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்தது ஒரே ஒரு நிமிடம்.

அதே 20 பிள்ளைகளை நாலு மூலைக்கு ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு விளையாட்டு. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஆடட்டும். ஒரு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் சாமான் அடுக்கி அடுத்த மூலைக்கு மாற. 12 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் நாலு விளையாட்டு ஆடி முடிந்துவிடும். யாரும் சுவரோரம் நிற்கவில்லை. காசும் செலவில்லை. வித்தியாசம் என்னவென்றால், மேடை இல்லை. மேடை இல்லாவிட்டால் வீடியோ நன்றாக வராது. அதனால்தான் எங்களுக்கு இது பிடிக்கவில்லை.

வீடியோ என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற வருடம் ஒரு குடும்ப ஒன்றுகூடலில் நான் கண்டது. எந்த வீடு, எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். ஆறு வயதுப் பையன். நெற்றியில் பிஸ்கட் வைத்து வாய்க்கு இறக்குகிற விளையாட்டு. மூன்று தரம் விழுந்தது. மைக் பிடித்தவர் ஒவ்வொரு தரமும் பகிடி சொன்னார். பெரியவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், நாலைந்து போன்கள் அவனுடைய முகத்துக்கு நேரே நின்றன. நாலாம் தரம் அவன் பிஸ்கட்டைக் கையால் எடுத்து நொறுக்கி எறிந்துவிட்டு அழுதான். அந்த அழுகைதான் வீடியோவின் முடிவு. இரவு குடும்ப வட்ஸ்அப் குழுவில், சிரிக்கிற முகங்களோடு. அங்கிருந்து எங்கெல்லாம் போனதோ. பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியபோது அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. என்ன பெயர் என்று நீங்களே ஊகிக்கலாம்.

அவனுடைய உம்மாவோ வாப்பாவோ கெட்டவர்கள் இல்லை. பகிர்ந்தவர்களும் பாசத்தோடு பகிர்ந்தவர்கள்தான். ஆனால் பெரிய மனிசர் ஒருவர் ஒரு சபையில் தடுக்கி விழுந்தால் அதைப் படம் பிடித்து அனுப்புவோமா? அவருக்கு மானம் உண்டு என்று தெரியும். ஆறு வயதுக்கு மானம் இல்லை என்று யார் சொன்னது? பரிகாசம் செய்வதையும் பட்டப்பெயர் வைப்பதையும் மார்க்கம் தடுத்திருக்கிறது. அந்தத் தடை வளர்ந்தவர்களுக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை.

மூன்றாம் நட்டம், பெண்பிள்ளைகளுக்கு.

ஒன்பது பத்து வயதானதும் எங்கள் விசேஷங்களில் பெண்பிள்ளை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். வட்டிலப்பம் பரிமாறுகிறது. தம்பியை இடுப்பில் வைத்திருக்கிறது. கப் கழுவுகிறது. அதே வயதுப் பையன் நடுவில் நின்று ஆடுகிறான். ஏனென்றால் ஆட்டம் மேடையில், எல்லோர் முன்னிலையிலும், கெமரா முன்னால் நடக்கிறது. அந்த இடத்துக்கு மகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவது நியாயம். அப்படியானால் மேடையை எடுத்துவிடுங்கள். உள்ளறையில், பாயில், ராத்தாமார், சாச்சிமார், மாமிமாருக்கு நடுவில் அவர்களும் ஆடட்டும். வீட்டுச் சாமான் விளையாட்டுக்கு மைதானம் தேவையில்லை என்பது இந்த இடத்தில்தான் பெரிய உதவி.

"பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன ஓட்டமும் ஆட்டமும்" என்று கேட்கிற காக்காமாருக்கு ஒன்று. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்தார்கள். முதல் தரம் ஆயிஷா நாயகி முந்தினார்கள். காலம் கழித்து மறுபடி ஓடியபோது நபியவர்கள் முந்தி, அன்றைக்கு இது சரி என்று சிரிப்போடு கணக்கைத் தீர்த்தார்கள். இது எல்லோரும் பயானில் கேட்ட சம்பவம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மகளிடம் "போய்த் தேத்தண்ணி ஊத்து" என்கிறோம்.

சாப்பாட்டுச் சாமானை வீணாக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாவுக்குள் முகத்தைப் புதைத்து மிட்டாய் தேடுவது, முட்டையை எறிந்து பிடிப்பது, பால் குடிக்கும் போட்டி, கயிற்றில் தொங்குகிற பனிஸைக் கை படாமல் கடிப்பது. கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் துடைத்துச் சாப்பிடச் சொல்லித் தந்த நபியின் உம்மத் நாங்கள். பக்கத்து வீட்டில் ஒரு முட்டையை மூன்றாகப் பங்கு வைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே நாங்கள் முற்றத்தில் முட்டை உடைக்கிறோம். விளையாட்டுக்குப் பயறு எடுங்கள், கடலை எடுங்கள், தேசிக்காய் எடுங்கள். ஆனால் ஆடி முடிந்ததும் அது கழுவிச் சட்டிக்குப் போக வேண்டும். போக முடியாதபடி எதையும் விளையாட்டுக்கு எடுக்காதீர்கள்.

வீண்விரயத்தைவிடப் பெரிய விசயம் உயிர். யார் கூடுதலாகச் சாப்பிடுவது, யார் வேகமாகச் சாப்பிடுவது என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கவே வைக்காதீர்கள். திராட்சை, றம்புட்டான், கச்சான், மார்ஷ்மெல்லோ, காய்ந்த பனிஸ் எல்லாம் அவசரத்தில் தொண்டையில் சிக்குகிற சாமான்கள். நேரம் ஓடுகிறது, சனம் கத்துகிறது, பிள்ளை சிரித்துக்கொண்டே விழுங்குகிறது. இதைவிட ஆபத்தான கூட்டு வேறில்லை. ஸ்ட்ரோவால் உறிஞ்சுகிற விளையாட்டில் மணி, பயறு, சின்ன மிட்டாய் வைக்காதீர்கள். ஸ்ட்ரோவின் ஓட்டையைவிடச் சின்னது எதுவும் மூச்சோடு உள்ளே போகலாம். கடதாசியைத் தீப்பெட்டி அளவில் வெட்டி வையுங்கள், போதும். வெடித்த பலூன் துண்டுகளை அந்தந்த நேரமே பொறுக்குங்கள். சின்னப் பிள்ளை அதை வாயில் வைத்தால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். தேசிக்காய் ஓட்டத்தில் சின்னப் பிள்ளைகள் கரண்டியைக் கையில் பிடிக்கட்டும், வாயில் வைத்துக்கொண்டு ஓட வேண்டாம். விழுந்தால் கரண்டி எங்கே குத்தும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று. "ஆளுக்கு நூறு ரூபா போடுங்க, வென்ற பிள்ளைக்கு முழுக்க" என்று சில இடங்களில் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோரிடமும் காசு சேர்த்து வென்றவருக்குக் கொடுப்பது என்னவென்று உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேளுங்கள். சூது என்ற பாடத்தைப் பெருநாளில், அதுவும் பிள்ளைகளுக்கு, நாங்களே சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

இனி, வழமையாக வருகிற மறுப்புகள்.

"விளையாட்டு வீண் வேலை, மார்க்கத்தில் இடமில்லை." பெருநாள் தினத்தில் அபீசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி வைத்து விளையாடினார்கள். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை. ஆயிஷா நாயகி தானாக அலுக்கும்வரை பார்க்க விட்டார்கள். பெருநாள் சந்தோசத்துக்குரிய நாள். பிள்ளைக்குச் சந்தோசம் என்றால் விளையாட்டு. தொழுகைக்கு நேரம் வந்தால் நிறுத்துங்கள், எவ்வளவு நல்ல பாடம்! ஒரு நிமிட விளையாட்டை எந்த நேரமும் நிறுத்தலாம்.

"பிள்ளை தோல்வியைப் பழக வேண்டும், அதனால் வெளியேற்றுவது நல்லது." பழகத்தான் வேண்டும். தோற்றவன் மறுபடி ஆடினால் தோல்வி பழகும். தோற்றவனை வெளியே நிறுத்தினால் அவமானம்தான் பழகும். நாலு மூலையில் ஆடுகிற பிள்ளை ஒரு மூலையில் தோற்கும், இன்னொன்றில் வெல்லும். 12 நிமிடத்தில் இரண்டையும் பழகிவிடும். போதாததற்கு, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு என்று எட்டு வயதிலிருந்தே மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பேப்பர் செய்கிற பிள்ளைகள் இவர்கள். வருடம் முழுக்க நேரம் அவர்களைத் துரத்துகிறது. பெருநாளன்றாவது அந்த ஒரு நிமிடம் சிரிப்புக்கு ஓடட்டும்.

"என்ட காசு, நான் செலவழிக்கிறேன்." உங்கள் காசுதான். அந்தக் காசில் ஒழுங்கைப் பிள்ளைகள் பத்துப் பேருக்குப் பாதணி வாங்கலாம் என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். நான் கேட்பது வேறு. அந்தக் காசைக் கொடுத்து உங்கள் பிள்ளைக்கு நீங்கள் வாங்கியது என்ன? மைக் பிடித்தவரோடு அரை மணி நேரம். உங்களோடு இல்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் போன்தான் கேட்கிறார்கள், கப் அடுக்க மாட்டார்கள்." இது பொய். நான் வகுப்பில் பார்க்கிறேன். ஒரு கயிறும் இருபது உடுப்புக் கிளிப்பும் போதும், கை கட்டி உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்கள். போன் கேட்கிற பிள்ளை பெரும்பாலும் போன் பார்க்கிற பெரியவர்களுக்கு நடுவில் சும்மா இருக்கிற பிள்ளை.

குறை சொல்லிவிட்டு வழி காட்டாமல் போனால் சரியில்லை. கீழே எட்டு விளையாட்டு எழுதுகிறேன். எல்லாம் வீட்டில் உள்ளவை.

1. யோகட் கப் கோபுரம். நோன்பு மாதம் முழுக்கத் தின்ற யோகட் கப்பைக் கழுவிச் சேருங்கள். ஒரு பிள்ளைக்கு ஆறு கப். கீழே மூன்று, மேலே இரண்டு, உச்சியில் ஒன்று. அடுக்கி, கலைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, மறுபடி அடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை கோபுரம்? பெரிய பிள்ளைகளுக்குப் பத்துக் கப்.

2. செருப்புச் சோடி. வாசலில் விருந்தாளிகளின் செருப்புக் குவியல் எப்படியும் இருக்கும். பத்துச் சோடியைக் கலந்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் சோடி சேர்த்து வரிசையாக வைக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கண்ணைக் கட்டி விடலாம். விளையாட்டும் முடியும், வாசலும் ஒழுங்காகும். பிறகு கை கழுவ வேண்டும்.

3. கிளிப் கொடி. இரண்டு கதிரைக்கு நடுவில் கயிறு. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, மற்றக் கையால் கிளிப் குத்த வேண்டும். சின்னப் பிள்ளைகளின் விரலுக்கு நல்ல பயிற்சி, பென்சில் பிடிக்க உதவும்.

4. தேசிக்காய் மாற்றுதல். அறையின் ஒரு பக்கக் கிண்ணத்திலிருந்து மறுபக்கக் கிண்ணத்துக்குக் கரண்டியால் கொண்டுபோதல். ஓட வேண்டாம், நடந்தால் போதும். முடிந்ததும் கழுவிச் சாறு கரையுங்கள், எல்லோரும் குடிக்கலாம்.

5. சுளகுப் பயறு. சுளகில் பயறு, கௌபி, கடலை மூன்றையும் கலந்து மூன்று கிண்ணத்துக்குப் பிரித்தல். ஐந்து வயதுக்கு மேல் மட்டும். கைக்குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இதை வைக்காதீர்கள்.

6. மூடிய தட்டு. தட்டில் பன்னிரண்டு சாமான்: திறப்பு, பொத்தான், தஸ்பீஹ் மாலை, கரண்டி, ஏலக்காய், இப்படி. ஒரு நிமிடம் பார்க்க விட்டு, துணியால் மூடி, என்னென்ன இருந்தது என்று கேளுங்கள். ருட்யார்ட் கிப்ளிங் 1901இல் எழுதிய "கிம்" நாவலில் வருகிற பயிற்சி இது. பேடன் பவல் அதைச் சாரணருக்குக் கொண்டுவந்தார். ஓட முடியாத பிள்ளை, நடக்கக் கஷ்டமான பிள்ளை, மூத்தம்மா எல்லோரும் சமமாக ஆடக்கூடியது. பல நேரம் மூத்தம்மாதான் வெல்வார்.

7. பேப்பர்த் தீவு. பழைய பேப்பர் ஒரு தாள், அதில் நாலு பிள்ளைகள். ஒவ்வொரு நிமிடமும் தாளைப் பாதியாக மடிக்க வேண்டும், யாரும் தரையைத் தொடக் கூடாது. ஒருவரை ஒருவர் பிடிக்காமல் நிற்க முடியாது. ஆண்பிள்ளைகள் ஒரு தாள், பெண்பிள்ளைகள் ஒரு தாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

8. சொக்ஸ் பந்து. சொக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கி வாளிக்குள் எறிதல். சின்னவர் கிட்ட நிற்கட்டும், பெரியவர் தள்ளி நிற்கட்டும்.

இவற்றை நடத்த நாலு ஒழுங்கு போதும்.

ஒன்று, யாரையும் வெளியேற்றாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் இரண்டு தரம் கொடுங்கள். முதல் தரம் ஆறு, இரண்டாம் தரம் ஒன்பது என்றால் அந்த மூன்றுதான் வெற்றி. பிள்ளை தன்னோடு தான் போட்டி போடட்டும்.

இரண்டு, பரிசு எல்லோருக்கும் ஒன்று. ஒரு பேரீச்சம்பழமோ ஒரு டொபியோ போதும். பரிசு பெரிதானால் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், பிறகு பெற்றோரும் சண்டை பிடிப்பார்கள்.

மூன்று, நேரம் பார்க்க மணிக்கூடு தேவையில்லை. காத்திருக்கிற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அறுபது வரை சத்தமாக எண்ணட்டும். அவர்களுக்கும் வேலை, ஆடுகிற பிள்ளைக்கும் உற்சாகம். வேகமாக எண்ணுவார்கள், சண்டை வரும், சிரிப்பு வரும். வரட்டும்.

நாலு, போன்கள் ஒரு கூடைக்குள். பெரியவர்களின் போன்களும்தான். இருபது நிமிடம். ஒருவரும் செத்துப்போக மாட்டோம். கை காலியானால் பெரியவர்களுக்கு வேறு வழியில்லை, பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டியதுதான். சாச்சா கப் அடுக்கித் தோற்பதைப் பார்ப்பதைவிட ஒரு பிள்ளைக்கு வேறு பெருநாள் வேண்டியதில்லை.

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். பெருநாள் பின்னேரம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வீட்டு முற்றம் கேளுங்கள். அடுத்த பெருநாளுக்கு வேறு வீடு. சின்ன வீடுகளையும் கேளுங்கள், முதலில் அவர்களைக் கேளுங்கள். சாமான் அந்த வீட்டிலேயே இருக்கிறது. யாரும் யாருக்கும் கடன்படத் தேவையில்லை.

ஈவன்டுக்கு ஏற்கெனவே முற்பணம் கட்டிவிட்டீர்களா? பரவாயில்லை. அவர் மைக்கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற நேரத்தில் பாயை விரித்து யோகட் கப்பைக் கொட்டுங்கள். பிள்ளைகள் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று நீங்களே பாருங்கள்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல பெருநாட்களைத் தரட்டும். அந்தப் பெருநாளை அவர்களிடமிருந்து பறிக்காத பெரியவர்களாக எங்களையும் ஆக்கட்டும். ஆமீன்.

பகிர விரும்புகிறவர்கள் கேட்காமலே பகிரலாம். உங்கள் வீட்டில் ஆடிய வேறு விளையாட்டுகள் இருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். பிள்ளைகளின் முகம் தெரிகிற வீடியோ மட்டும் போட வேண்டாம்.